தறிக்குழி ஓரத்து டப்பா

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஆயா வீட்டுத் தறிக்குழி ஓரம் ஒரு பழைய பால்பவுடர் டப்பா கிடக்கும். உள்ளே ஊடை நூல் சுற்றிய தார்கள். மேலே கொழுகொழுவென்று ஒரு குழந்தைப் படம். கன்னத்தில் மட்டும் துரு ஏறியிருக்கும்.

தெருவில் பிறந்த பிள்ளைகளை எல்லாம் அந்தப் படத்தோடுதான் ஒப்பிட்டார்கள். சித்திக்கு மூத்தவன் பிறந்ததும், பார்க்க வந்தவர்கள், "என்னடி, புள்ள நோஞ்சானா இருக்குது, பால் பத்தலயா?" என்றார்கள். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்த வீடு அது. முதல் நாள் பிள்ளையின் வயிறு கொள்வதே ஒரு டீஸ்பூன் அளவுதான், சீம்பாலே போதும் என்று எடுத்துச் சொல்ல ஆளில்லை. புட்டி வந்தது. பிள்ளை சப்பச் சப்பத்தானே பால் ஊறும்? சப்புவது குறைய, பாலும் வற்றியது. "நான் அப்பவே சொன்னேனே" என்றார்கள் அதே ஆட்கள். கூலி வரத் தாமதமானால் பவுடரில் தண்ணீர் கூடும். அவன் வயிற்றுப்போக்கில் துவண்டு கிடந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஏழை நாட்டுத் தாய்மாரிடம் பவுடரைத் தள்ளியதற்காக 1977இல் அமெரிக்காவில் நெஸ்லே புறக்கணிப்பு தொடங்கியது என்று பிற்பாடு படித்தேன். 1981இல் உலக சுகாதார சபை பவுடர் விற்பனைக்கு நெறிமுறை வகுத்தது. இந்தியா 1992இல் சட்டமே போட்டது: விளம்பரம் கூடாது, இலவச மாதிரி கூடாது, டப்பாவில் குழந்தைப் படம் கூடாது. 2003இல் இன்னும் இறுக்கினார்கள். அந்தக் கொழுகொழுக் குழந்தை கடைகளிலிருந்து மறைந்தே போனது.

பேச்சு மறையவில்லை. சித்தி மகளின் பிரசவத்தில், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், தாயைக் கேட்காமலே முதல் இரவு புட்டி கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்தால் மறுபடி அதே "பத்தலயா".

சித்தியை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. கோர்வைப் புடவைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். ஓராள் எழுந்தால் தறி நிற்கும். புடவையை அறுத்துக் கொடுத்தால்தான் காசு. 2015இல் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறந்தது நல்ல காரியம். 2017 சட்டத் திருத்தம் 26 வாரச் சம்பள விடுப்பு கொண்டுவந்தது, பத்துப் பேராவது வேலை செய்யும் இடத்தில். வீட்டுத் தறிக்காரிக்கு அது எட்டாது. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவி உண்டு. அது பாலூட்டும் ஆறு மாதத்துக்கும் கூலிக்கு ஈடாகாது.

பிள்ளை பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "பால் பத்தலயா" என்று கேட்காதீர்கள். அவள் உட்கார்ந்து பால் கொடுக்கும் நேரத்துக்கு, அந்தத் தறியில் இரண்டாம் ஆளாக நீங்கள் கோர்வை வாங்கிக் கொடுங்கள்.