தோழி கூற்று

எங்கள் இருவருக்கும் மதுரையில் கல்லூரிப் பணி. இருவரும் நடத்துவது தமிழ்தான். ஒருவர் களவியலை முடிக்கும் வாரத்தில் மற்றவர் கற்பியலைத் தொடங்குவார். ஆசிரியர் அறையில் இதைச் சொல்லிச் சிரிப்பதும் உண்டு. ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகக் குறிஞ்சித் திணையை மின்விசிறியின் கீழ் நின்று விளக்கி வருகிறோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

போடிநாயக்கனூரில் மகன் வீட்டில் இருக்கும் அத்தைக்கு எண்பது வயதை ஒட்டியிருக்கும். 1928இல் ஓடத் தொடங்கி, அகலப் பாதைப் பணிக்காக 2010 கடைசியில் நின்றுபோன ரயில் 2023 ஜூனில் போடிக்குத் திரும்பி வந்தது. அதன் பிறகு எங்கள் வருகையும் கூடிவிட்டது. இந்த முறை போனது ஒரு கட்டுரைக்காக. மலையில் ஏலக்காய் எடுத்த தலைமுறைப் பெண்களின் கல்யாண நினைவுகளைச் சங்கப் பாடல்களோடு ஒப்பிட்டு எழுதுவதாகத் திட்டம். அத்தையிடமிருந்து தொடங்கலாம் என்று நினைத்தோம்.

'காதல்' என்ற சொல்லை அத்தை ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை. "எங்களுக்குள்ள பேச்சு இருந்துச்சு" என்றார். அதை ஒரு மங்கல வழக்காகக் கருதிக் குறித்துக்கொண்டோம். அது நேர்ப்பொருளிலேயே சொல்லப்பட்டது என்பது பிறகுதான் தெரிந்தது.

அவர் குடும்பம் ஆடியில் மலையேறித் தையில் இறங்கும். இன்று கூலியாட்கள் விடியுமுன் ஜீப்பில் ஏறிப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து போடிமெட்டுக்குப் போகிறார்கள். அன்று முந்தலிலிருந்து தலைச்சுமையோடு குறுக்குப் பாதையில் நடை. மேட்டுக்கு அப்பால் இருக்கும் தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் 1956 நவம்பர் 1 முதல் கேரளத்தில் இருக்கின்றன. அத்தைக்கு அந்த நாள் நினைவில் இல்லை. வழியில் சோதனைச் சாவடி முளைத்ததுதான் நினைவிருக்கிறது.

ஏலச்செடி ஆள் உயரத்தைத் தாண்டி வளரும். காயோ அடித்தூரில், மண்ணை ஒட்டிக் கிடக்கும் சரத்தில் இருக்கும். எடுப்பவள் நாள் முழுதும் குனிந்தோ குந்தியோதான் இருக்க வேண்டும். தலையில் சாக்குக் கொங்காணி, காலில் அட்டை. நம் பாடல்களில் தினைப்புனத்துப் பரண்மீது கிளி கடியும் தலைவியைத் தலைவன் தொலைவிலிருந்தே கண்டுவிடுவான். ஏலத்தோட்டத்தில் அந்த வசதி கிடையாது. "செடிக்குள்ள மொகம் எங்க தெரியும்? கொரலு மட்டும்தான். அவுக அடுத்த வரிசையில இருக்காகன்னு இருமுறத வச்சுத் தெரிஞ்சுக்குவேன்" என்றார் அத்தை. ஒரு பருவம் முழுவதும் இப்படியே போயிருக்கிறது. பேசியதெல்லாம் என்ன என்று கேட்டோம். "என்னத்தப் பேசுனோம்? மழ வருதா, கஞ்சி குடிச்சியா, அம்புட்டுத்தேன்."

அந்தக் குரலுக்கு உரியவர் வேற்றாள் இல்லை. அத்தையின் அப்பாவுக்குத் தங்கை மகன், முறை மாப்பிள்ளை. ஆனால் ஒரு காதுகுத்துச் சீரில் மூண்ட சண்டையில் இரு வீட்டுக்கும் ஒன்பது ஆண்டுகளாகப் பேச்சு வார்த்தை இல்லை. ஒரே மலை, ஒரே கங்காணி, வேறு வேறு லயம். அத்தையின் அப்பத்தா தன் சொந்த மகள் வீட்டு வாசலை ஒன்பது ஆண்டுகளாக மிதிக்கவில்லை.

1962 சீனப் போர் நடந்துகொண்டிருந்த பருவம். மாலையில் பச்சைக்காயை நிறுக்குமிடத்தில் அத்தையின் காய் நாலு நாளாகக் குறைந்து வந்தது. கைச்சோம்பல் என்று எல்லார் முன்னும் அப்பத்தா ஏசியிருக்கிறார். அப்போது சேக்காளிப் பெண் ஒருத்தி குறுக்கே வந்தாளாம். "ஏ அப்பத்தா, அவ சோம்பேறி இல்ல. அடுத்த வரிசையில ஒரு கொரலு கேக்குது, அதுல கை நின்னுபோகுது. வேற யாரு கொரலு? ஒம் பேரன் கொரலுதான்."

கிழவி அன்றிரவு ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் யாரிடமும் சொல்லாமல் தனியே மலையிறங்கி மகள் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டார். 1963 தையில், காய் ஓய்ந்த கையோடு, போடியில் மஞ்சள் கயிறு ஏறியது. பரிசப் பணத்தைப் பற்றியும், மாமா கட்டியிருந்த இரவல் வேட்டியைப் பற்றியும் அத்தை நிறையச் சொன்னார். அதைக் கேட்கும் நிலையில் நாங்கள் இல்லை. எங்களுக்குப் பரபரப்பு தாங்கவில்லை.

இதற்குத்தான் இலக்கணத்தில் அறத்தொடு நிற்றல் என்று பெயர் என அத்தையிடம் விளக்கத் தொடங்கிவிட்டோம். தலைவியின் களவைத் தோழி செவிலிக்கு வெளிப்படுத்தும் துறை அது. கபிலர் குறிஞ்சிப்பாட்டு முழுவதையும் இந்த ஒரு துறையில்தான் பாடினார், அதில் தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயர் வருகிறது என்றெல்லாம் சொன்னோம். எழுபது மாணவர்களுக்குச் சொல்லும் குரலில் சொல்லியிருப்போம் போலிருக்கிறது.

அத்தை பொறுமையாகக் கேட்டார். பிறகு, "தோழி எல்லாப் பாட்டுலயும் சொல்லிருவாளா?" என்றார்.

பெரும்பாலும் சொல்லிவிடுவாள் என்றோம்.

அதன் பிறகு அவர் சொன்னது நாங்கள் கேட்கப் போன கதையில் சேராதது. அந்தச் சேக்காளிக்கும் ஒருவர் இருந்தார். ஏலக்காய் ஸ்டோரில் தீப் போடுபவர். பறித்த காயை அன்றே உலர்த்தாவிட்டால் பச்சை நிறம் போய்விடும். அதனால் இரவெல்லாம் விறகு தள்ளிச் சூடு குறையாமல் காக்க ஒரு ஆள் வேண்டும். ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்து ஏறத்தாழ ஒரு கிலோவாகும். மழைக் காலத்தில் விறைத்த கையைக் காய்ச்சிக்கொள்ளப் பெண்கள் அந்த வாசலில் போய் நிற்பார்களாம். பழக்கம் அங்கேதான் தொடங்கியிருக்கிறது. "வேற ஆளுக" என்று மட்டும் அத்தை சொன்னார். எந்தச் சாதி என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

1964 மாசியில் அவள் போடிக்கு வந்து அத்தையைப் பார்த்திருக்கிறாள். "ஒங்க அப்பத்தாகிட்ட ஒரு வார்த்த சொல்லு. கெழவி சொன்னா எங்கம்மா கேக்கும்" என்பது அவள் வேண்டுகோள். அத்தை அப்போது நாலு மாதம் கர்ப்பம். மாமியார் அடுப்படியில் இருந்தார். ஒன்பது ஆண்டுப் பகை தீர்ந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினார்.

"பத்து நாள் கழிச்சு அப்பத்தாளே கேட்டுச்சு, தாயி. ஒஞ் சேக்காளி மொகமே சரியில்லையே, என்னடின்னுச்சு. காச்சலாம்னு சொல்லிட்டேன்."

வைகாசியில் அவளைக் கம்பம் பக்கம் இரண்டு பிள்ளைகளோடு இருந்த ஒருவருக்கு இரண்டாந்தாரமாகக் கொடுத்தார்கள். நேரு இறந்த செய்தி வந்த வாரம் அது. ஸ்டோர்க்காரர் அந்தப் பருவத்துக்கு மலையேறவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து ஒரு சந்தை நாளில் இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். பிள்ளைகள் எத்தனை என்று அவள் கேட்டாள், அத்தை சொன்னார், அவ்வளவுதான். "நாலு வார்த்த வஞ்சிருந்தான்னா நல்லாருந்துருக்கும்" என்றார் அத்தை.

கரணம் எப்படி வந்தது என்பதற்குத் தொல்காப்பியம் ஒரு காரணம் சொல்கிறது. பொய்த்தலும் தவறுதலும் பெருகிய பிறகு பெரியவர்கள் வகுத்தது அது என்கிறது. அந்தப் பாடத்தை நடத்தும்போதெல்லாம் பொய்த்தவன் தலைவன் என்றே நாங்கள் விளக்கி வந்திருக்கிறோம்.

"சொல்லாமப் போன தோழிக்கு ஒங்க பொஸ்தகத்துல என்ன பேரு?" என்று கேட்டார் அத்தை. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கட்டுரையில் இந்தப் பகுதி வருமா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை.

மாலை ரயிலுக்குக் கிளம்பினோம். வாசல் வரை சுவரைப் பிடித்துக்கொண்டே வந்த அத்தை, மகன் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஏன்யா, கம்பத்துக்கு மொத பஸ்சு காலையில எத்தன மணிக்கு?"