காகிதத்தில் ஒரு கடற்பயணம்

"ஏதேனும் ஓர் அழகிய கடற்கரையைத் தேர்ந்தெடுங்கள். ஒரு வாரம் படகுப் பயணம் செல்லத் திட்டம் வகுத்து வாருங்கள்" என்று புவியியல் வகுப்பில் ஆசிரியை சொன்னதும் எங்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. செலவில்லாத சுற்றுலா யாருக்குக் கசக்கும்? எங்கள் குழுவில் எழுவர். அறுவர் அட்லஸைச் சுற்றி அமர்ந்தோம். கடைசிப் பெஞ்சுத் தோழி மட்டும் வழக்கம்போல் ஒதுங்கியே இருந்தாள். சென்ற ஆண்டு பள்ளிச் சுற்றுலாவுக்கும் அவள் வரவில்லை. "கர்வக்காரி" என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தோம்.

மத்தியதரைக் கடலின் ஒரு கிளை அட்ரியாட்டிக். அதன் கிழக்குக் கரையில் குரோஷியா நாடு. 1000-க்கும் மேற்பட்ட தீவுகளும் பாறைத் திட்டுகளும் அந்நாட்டுக் கரையோரம் சிதறிக் கிடக்கின்றன. அங்கே பாய்மரப் படகை வார வாடகைக்கு எடுக்கலாம். பெரும்பாலும் சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை. நாமே ஓட்டுவதானால் படகோட்டும் சான்றிதழும், வானொலிக் கருவியைக் கையாளும் சான்றிதழும் வேண்டும். எங்களிடம் இருப்பதோ சைக்கிள் மட்டுமே! ஆகவே வாடகையோடு மாலுமிக்குச் சம்பளம், படகு சேதமின்றித் திரும்பும்வரை பிடித்து வைக்கும் முன்பணம், துறைமுகக் கட்டணம், டீசல், குடிநீர், மளிகை எனச் செலவுகளை வரிசைப்படுத்தினோம். அந்நாட்டில் 2023 முதல் யூரோ நாணயம் என்பதால் ரூபாயை யூரோவாக மாற்றிக் கணக்கிட்டோம்.

பிறகு வழி. ரோமப் பேரரசன் டயோக்ளீஷியனின் அரண்மனை நிற்கும் ஸ்பிலிட் நகரில் புறப்பாடு. அடுத்து லாவெண்டர் மணக்கும் ஹ்வார் தீவு. பிறகு, யுகோஸ்லாவியப் படைத்தளமாக இருந்ததால் 1989 வரை அயல்நாட்டாருக்கு அடைபட்டுக் கிடந்த விஸ் தீவு. அதன்பின் கோர்ச்சுலா. நம் காயல் துறைமுகத்தையும் முத்துக்குளிப்பையும் பற்றி எழுதிய மார்கோ போலோ தங்கள் மண்ணில் பிறந்தவர் என்று அத்தீவினர் பெருமை பேசுகிறார்கள். வரலாற்றாசிரியர்கள் எல்லாரும் ஒப்புவதில்லை. பின்னர், உப்பு ஏரியும் ஏரிக்குள் குட்டித் தீவில் பழைய துறவி மடமும் கொண்ட ம்லெட். இறுதியில் 1940 மீட்டர் நீள மதில் சூழ்ந்த துப்ரோவ்னிக். மதிலை வண்ணப் பென்சிலால் வரைந்தும் வைத்தாயிற்று. ஏழு நாளும் நிரம்பி வழிந்தன.

அப்போதுதான் கடைசிப் பெஞ்சுத் தோழி எழுந்து வந்தாள். எங்கள் தாளைச் சற்று நேரம் பார்த்தாள்.

"போறதுக்குக் கணக்குப் போட்டிருக்கீங்க. திரும்பி வர்றதுக்கு?"

திகைத்தோம். படகை எடுத்த துறையிலேயே விட வேண்டும். வேறு துறையில் விட்டால் தனிக் கட்டணம். நாங்கள் போகும் வழியே 100 கடல்மைலுக்கு மேல். ஒரு கடல்மைல் 1852 மீட்டர். பாய்மரப் படகோ மணிக்கு ஐந்தாறு கடல்மைல்தான் ஓடும். இரவில் ஓட்ட வாடகைக்காரர்கள் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை.

"காத்தை எங்கே எழுதியிருக்கீங்க?" என்றாள் அடுத்து.

எழுதவே இல்லை! நூலகத்துக்கு ஓடினோம். கோடைப் பிற்பகலில் வடமேற்கிலிருந்து இதமாக வீசுவது மாயிஸ்திரால். தென்கிழக்கிலிருந்து மெல்ல மெல்ல வலுத்து, மழையும் பேரலையும் கொண்டு வருவது யூகோ. வடகிழக்கு மலைகளிலிருந்து திடீரென்று கடலில் பாய்வது போரா. போரா குளிர்காலத்தில் கடுமை. ஆனால் கோடையிலும் வராமலிருக்காது.

"ஒரு நாளைச் சும்மா விடுங்க. காத்து திரும்பினா கரையிலே கிடக்கிறதுக்கு" என்றாள்.

"ஒரு நாள் வீணாகுமே!" என்றோம்.

அவள் தலை குனிந்து சொன்னாள்: "போன வருஷம் அப்பா வள்ளத்திலே இருக்கையிலே காத்து திரும்பிடுச்சு. வலையை அறுத்துக் கடல்லே விட்டுட்டுக் கரைக்கு வந்தாங்க. வலைக் கடன் இன்னும் தீரலை. அதனாலேதான் சுற்றுலாவுக்குப் பணம் கட்ட முடியலை. ஆனா அப்பா வீட்டிலே இருக்காங்க."

எங்களுக்குப் பேச நா எழவில்லை. ஓராண்டாக அவளைக் கர்வக்காரி என்றோமே!

அன்று மாலையே திட்டத்தைத் திருத்தினோம். துப்ரோவ்னிக் போயிற்று, ம்லெட் போயிற்று, கோர்ச்சுலாவும் போயிற்று. ஸ்பிலிட், ஹ்வார், விஸ், திரும்பும் வழியில் பிராச் தீவு. வெள்ளி மாலையே ஸ்பிலிட்டில் கரை சேர வேண்டும். புதன்கிழமைக்கு நேரே எதுவும் எழுதாமல் விட்டோம். மாலுமி கட்டத்தில் ஒரே மனதாக அவள் பெயரை எழுதினோம். சான்றிதழ் இல்லையே என்று சிரித்தாள். அவள் சிரித்து நாங்கள் கண்டது அன்றுதான்.

ஆசிரியை தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "புதன்கிழமை ஏன் காலியாக இருக்கிறது?" என்று கேட்டார்.

"அது காற்றின் நாள், டீச்சர்" என்றோம் எழுவரும்.

அட்ரியாட்டிக் கடலை நாங்கள் காண்போமோ, மாட்டோமோ! ஆனால் இந்த ஆண்டுச் சுற்றுலாவுக்கு முதல் வேலையாக ஒன்று செய்தோம்: பணம் கட்ட இயலாதவர் எவர் என்று யாரும் அறியாதபடி, வகுப்பு மேசையில் ஓர் உண்டியல் வைத்தோம். எவரையும் கரையில் விட்டுவிட்டுப் புறப்படும் பயணம் பயணமாகுமா, தோழியரே?

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவியர்