பேரேடு குடிபெயர்ந்த வரலாறு

மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர்ச் சாலையை அடுத்து, முதியோர்க்குத் திங்கள்தோறும் சிறுதொகை வழங்கிவரும் உதவிநிதி ஒன்றுண்டு. அதன் பெயரை ஈண்டு எழுதவேண்டா. நடத்துவோர் அதனை விரும்பார். அந்நிதியின் பேரேட்டைப் பழைய மென்பொருள் ஒன்றினின்றும் கட்டற்ற உறவுமுறைத் தரவுத்தளத்திற்கு மாற்றும் பணி 2018-ஆம் ஆண்டில் எம்மிடம் வந்தது. யாம் என்றது எழுதுவோன் ஒருவனை மட்டும் குறித்ததன்று. உடனிருந்து உழைத்த பழைய மாணவர் இருவரையும் சேர்த்தே. ஜார்ஜ் டவுனை விட்டு 1937-இல் தாம்பரத்திற் குடிபுகுந்த கல்லூரியின் மாணவர்க்குக் குடிபெயர்தல் புதிதன்றெனச் சிலர் நகையாடினர். எளிதென்று எண்ணியே யாமும் இறங்கினோம்.

மாற்றவேண்டிய காரணத்தை முதலிற் கூறுவோம். 2015 டிசம்பர் முதல் நாளிற் பெய்த பெருமழையை இப்பகுதியினர் மறந்திரார். மறுநாட் காலையொடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாறு கரைமீறி முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளினுட் புகுந்தது. நிதியின் அலுவலகத்துக் கணினியும் நீரில் மூழ்கிற்று. பேரேட்டின் காப்புப்படி மட்டும் செயலாளர் இல்லத்து மாடியில் ஒரு வட்டில் நலமே இருந்தது. இருந்தும் என்ன பயன்? அப்படியைத் திறக்கவல்லது அதனை எழுதிய மென்பொருள் ஒன்றே. அம்மென்பொருளோ, மூழ்கிய கணினிக்கென்றே தரப்பட்ட உரிமக்குறியின்றி வேறோரிடத்தில் இயங்காது. அதனை விற்றவர் கடையை மூடிப் பல்லாண்டுகள் கழிந்திருந்தன. பெட்டி கையிலிருக்கச் சாவி வெள்ளத்தோடு போயிற்று.

அம்மாதம் தொகை பெறவேண்டிய மூதாட்டியர், வீட்டுப் பொருள்களையும் இழந்தவராய், அலுவலக வாயிலில் வந்து நின்றனர். யார்க்கு எவ்வளவு என்பது செயலாளரின் நினைவைக்கொண்டே வழங்கப்பட்டது. அவர் நினைவில் வாராதோர் சிலர் வெறுங்கையுடன் மீண்டனர். பின்னர் ஒருவாறு உரிமக்குறி கிடைத்துப் பேரேடு திறந்ததாயினும், இனி இதனை நம்பியிருத்தல் ஆகாதென்ற எண்ணம் அன்றே வேரூன்றியது. நல்லதொரு கணினியும் செய்வதற்கு ஆளும் கூடிவர மூன்றாண்டுகள் சென்றன.

உறவுமுறைத் தரவுத்தளம் என்றவுடன் மாமன் மைத்துனன் முறையை எண்ணவேண்டா. கணித நூலார் 'உறவு' என வழங்கும் கருத்தே இது. இங்கிலாந்திற் பிறந்து, இரண்டாம் உலகப்போரில் வானூர்தி செலுத்தி, பின்னர் அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனத்திற் பணியாற்றிய எட்கர் காட் என்னும் அறிஞர், 1970-இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் இதன் கொள்கையை வகுத்தார். செய்திகளையெல்லாம் அட்டவணைகளில் வைத்து, ஓர் அட்டவணையை மற்றொன்றோடு எண்ணாற் பிணைத்து, 'எங்கே கிடக்கிறது' என்று தேடியலையாமல் 'எது வேண்டும்' என்று மட்டும் கேட்டுப் பெறுதலே அதன் சாரம். பெர்க்லிப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் முதலாயினோர் இக்கொள்கைவழி இங்கிரெஸ் என்பதனைச் சமைத்தனர். அதன் வழித்தோன்றலாக 1986-இல் போஸ்ட்கிரெஸ் தொடங்கிற்று. 1996 முதல் அது போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் பெயருடன் பல நாட்டு வல்லுநர்களால் வளர்க்கப்பட்டு வருகின்றது. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். உரிமக்குறி என்பதொன்று அதற்கில்லை. எமக்கு அதுவே பெரிது.

இவ்வழி எமக்குமுன் இப்பக்கத்தார் நடவாததன்று. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்திலுள்ள ஏயூ-கேபிசி ஆராய்ச்சி மையமும் சென்னை சி-டாக் நிறுவனமும் சேர்ந்து, கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வளமையத்தை 2005-இல் தொடங்கின. இந்திய அரசு தன் துறைகளில் திறமூல மென்பொருளை விரும்பி ஏற்கவேண்டுமென்னும் கொள்கையை 2015-இல் வெளியிட்டது. கூடுவாஞ்சேரிப் பக்கத்தில் வளாகங்கொண்ட சோகோ நிறுவனத்தின் மேனேஜ்எஞ்சின் மென்பொருள்கள் சில, முன்னர் மைஎஸ்கியூஎல்லை உடன்வைத்து வழங்கப்பட்டுப் பின்னர் போஸ்ட்கிரெஸ்கியூஎல்லுக்கு மாறின.

இவ்விரண்டில் எதனைக் கொள்வது என்னும் ஐயம் எமக்கும் எழுந்தது. மைஎஸ்கியூஎல்லைத் தமிழிலேயே கற்கத் து. நித்யா அவர்கள் எழுதிய 'எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்' உண்டு. எம்முள் ஒருவர் இப்பாடத்தை அந்நூலிலேதான் தொடங்கினார். ('மை' என்பது அதனைப் படைத்தவருள் ஒருவரான பின்லாந்துக்காரர் விடேனியஸின் மூத்த மகள் பெயர். அதினின்றும் 2009-இற் பிரிந்த மரியாடிபி இளைய மகள் பெயர் பெற்றது. மக்கள் பெயரைக் கடைக்கும் வண்டிக்கும் இடும் நம்மவர்க்கு இது வியப்பன்று.) ஆயினும் மைஎஸ்கியூஎல் 2010-இல் ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்குச் சென்றுவிட்டது. வெள்ளத்திற் பட்ட அச்சத்தால், எந்த ஒரு நிறுவனத்தின் உடைமையும் ஆகாத போஸ்ட்கிரெஸ்கியூஎல்லையே யாம் தேர்ந்தோம்.

முதல் இடர் எழுத்தினால் விளைந்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு 'டேம்', 'டேப்' என்னும் எழுத்துருக் குறியீடுகளை ஏற்றது. 2010-இலேதான் யூனிகோடு அரசின் தரமாக அறிவிக்கப்பட்டது. பேரேட்டின் பழம்பகுதி டேப் குறியீட்டில் இருந்தது. அதற்குரிய எழுத்துரு இல்லாத கணினியில் அதனைத் திறந்தால், பாட்டியர் பெயரெல்லாம் புள்ளியும் கீற்றுமிட்ட ஐரோப்பிய எழுத்துகளாய்த் தோன்றும். 2010-க்குப் பின் சேர்ந்தோரின் பெயர்களும் மறுபதிவு செய்தோரின் பெயர்களும் யூனிகோடில், தனியொரு கோப்பில் இருந்தன. இவ்விரண்டையும் ஒன்றாக்கல் வேண்டும்.

டேப் குறியீட்டில் எழுத்துகள் கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே நிற்கும். 'பொ' என்பதில் முதலில் ஒற்றைக்கொம்பு, அடுத்துப் பகரம், பின்னர்க் கால். யூனிகோடிலோ மெய் முன்னும் உயிர்க்குறி பின்னுமாக நிற்றல் முறை. எமக்குக் கிடைத்த மாற்றிநிரல், கொம்பைப் பகரத்தின்பின் நகர்த்திவிட்டுக் காலை இருந்தவாறே விட்டுவிட்டது. எனவே பகரம், எகரக்குறி, ஆகாரக்குறி என மூன்றாயிற்று. விசைப்பலகையில் தட்டினால் வருவதோ பகரம், ஒகரக்குறி என்னும் இரண்டே. திரையில் இரண்டும் 'பொ' என்றே தோன்றும். எத்துணைக் கூரிய கண்ணும் வேறுபாடு காணமாட்டாது. இரண்டும் ஒன்றே என்பதுதான் யூனிகோடு விதியும். ஆனால் தேடும் கணினி பைட்டுகளை ஒப்பிட்டு, இது வேறு அது வேறு என்று விடுகின்றது.

ஒரு மூதாட்டியின் பெயரைத் தட்டித் தேடினோம். (உண்மைப் பெயரை எழுதுதல் முறையன்று, பொன்னம்மாள் என்று கொள்க.) அப்பெயர் இல்லையென்றது கணினி. பட்டியலைக் கண்ணாற் பார்த்தால் பெயர் இருக்கின்றது! முன்னும் பின்னும் வெற்றிடம் உளதோ என்று பார்த்தோம், இல்லை. இரண்டு இரவுகள் இவ்வாறு கழிந்தன. மூன்றாம் இரவு, பெயரின் நீளத்தைச் சொல்லுமாறு கணினியைக் கேட்டோம். 'பொன்னம்மாள்' நமக்கு ஆறெழுத்து; யூனிகோடில் முறைப்படி எழுதினால் 11 குறிகள், 33 பைட்டுகள். கணினியோ 12 குறிகள் என்று விடை தந்தது. மிகுந்துநின்ற அவ்வொரு குறியிலே மறைந்திருந்தார் பாட்டி. சிறியதொரு பைத்தான் நிரலால் எல்லாப் பெயர்களையும் ஒரே வடிவிற்குக் கொணர்ந்தோம். 2020-இல் வெளிவந்த 13-ஆம் பதிப்பு முதல் போஸ்ட்கிரெஸ்கியூஎல்லே அவ்வேலையைச் செய்யவல்லதாயிற்று. யாம் உழைத்த காலத்தில் அவ்வசதி இல்லை.

கௌரி, கௌசல்யா முதலிய பெயர்கள் வேறொரு தொல்லை தந்தன. ஔகாரக் குறியைத் தட்டத் தெரியாதார், ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்த்துக் 'கெளரி' என்று அமைத்திருந்தனர். இதனை எந்நிரலும் தானாகத் திருத்தாது. கெ, ள, ரி என்று மூன்றெழுத்தாக வாசித்தாலும் கணினிக்குக் குற்றமில்லை. ஆகவே அவற்றைக் கையாலேயே திருத்தினோம். கட்சித் தட்டிகளிலும் திருமண அழைப்பிதழ்களிலும் இப்பிழை மலிந்து கிடப்பதை அதன்பின் காணாத நாளில்லை.

ஏனைய இடர்களை விரைந்து சொல்லிவிடலாம். தொகை வழங்கிய வரிகள் சில, பேரேட்டில் இல்லாத உறுப்பினர் எண்களுக்கு உரியனவாயிருந்தன. பழைய மென்பொருள் அவற்றைப் பொறுத்துக்கொண்டது. அட்டவணைகளின் பிணைப்பைக் காக்கும் புதியது ஒரு வரியையும் ஏற்க மறுத்தது. பெயர் நீக்கப்பட்ட இறந்தோரின் வரவுகளே அவை. இறந்தோரை நீக்காமல் 'இறந்தார்' என்று குறித்துவைக்கும் வழக்கம் அன்று தொடங்கியது. எல்லாவற்றையும் ஏற்றியபின் புதியவர் ஒருவரைப் பதியப் புகுந்தபொழுது, 'இவ்வெண் முன்னரே உளது' என்று தடை வந்தது. உறுப்பினர் எண்களைப் பழைய ஏட்டிலிருந்தே கொணர்ந்தமையால், எண் வழங்கும் கருவி இன்னும் ஒன்றிலேயே நின்றிருந்தது. அதனைக் கடைசி எண்ணுக்கு நகர்த்தியவுடன் தடை நீங்கிற்று.

இனிச் சொல்லப்போவதே எம்மை உண்மையில் வருத்தியது.

புதிய தளத்தில் ஏற்றிய பிறந்தநாள்களைப் பார்வையிட்டபொழுது, பலர் 1899 டிசம்பர் 30 அன்று பிறந்தவராய் இருந்தனர். அத்துணைப் பேரும் ஒரே நாளிற் பிறந்து, 118-ஆம் வயதில் முடிச்சூர்ச் சாலையில் நடந்துவந்து தொகை பெற்றுச் செல்கின்றனராம்! காரணம் விளங்கச் சிறிது நேரமாயிற்று. நாள்களை எண்ணாக்கிச் சேமிக்கும் மென்பொருள்களுள் ஒருசாரன அந்த நாளையே சுழியமாகக் கொள்வன. பிறந்தநாள் தெரியாதவிடத்து எவரோ சுழியம் இட்டிருந்தனர். பிறப்புச் சான்றில்லாத ஏழை மூதாட்டியரே அவரெல்லாம்.

பொய்யான நாளை நீக்கி அவ்விடத்தை வெறுமையாக விட்டோம். அறியப்படாமையைக் குறிக்கும் அவ்வெறுமைக்கு உறவுமுறைத் தளங்களில் 'நல்' என்று பெயர். நம் 'நல்'லுக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பின்னர், அறுபது நிரம்பியோர் பட்டியலை வெள்ளோட்டமாக எடுத்தோம். பழைய பட்டியலோடு ஒப்பிடப் பதினேழு பெயர் குறைந்திருந்தன.

நிகழ்ந்தது இதுவே. பிறந்தநாள் வெறுமையாயின், 'அறுபது நிரம்பியவரோ' என்னும் வினாவிற்கு ஆம் என்பதும் இல்லை என்பதும் விடையாகா. 'தெரியாது' என்பதே விடை. பட்டியலோ 'ஆம்' என்று விடைவந்தோரை மட்டுமே ஏற்கும். 1899 என்னும் பொய் இத்தனை ஆண்டும் அவர்க்குச் சோறிட்டு வந்தது. யாம் எழுதிய மெய் அவரை வரிசையினின்றும் வெளியேற்றிவிட்டது. பழைய பட்டியலை ஒப்பிட்டுப் பாராமல் அடுத்த திங்களே புதியதனை நடைமுறைக்குக் கொணர்ந்திருப்பின், அப்பதினேழுவர் வாயிலில் வந்து நின்றிருப்பர். எவரும் அவர்க்குக் காரணம் சொல்ல அறிந்திரார்.

நிதியின் குழுவினரிடம் இதனைக் கொண்டுசென்றோம். முதியவர் ஒருவர், "பொய்யோ மெய்யோ, அந்தத் தேதி இவர்களுக்கு உதவிற்று, மறுபடி அதையே போட்டுவிடுங்கள், ஐயா" என்றார். அவர் சொல்லில் இரக்கம் இருந்தது. மற்றொருவர், பேரேட்டிற் பொய்யை அறிந்தே எழுதினால் நாளை எவரும் எதனையும் எழுதுவர் என்றார். அவர் சொல்லில் நியாயம் இருந்தது. யாம் பின்னவர் பக்கமே நின்றோம். ஆனால் ஒருவரும் ஒரு திங்களும் தொகையிழத்தல் ஆகாதென்னும் உறுதியோடு.

எனவே பதினேழுவரையும் நேரிற் கண்டோம். பெருங்களத்தூரில் ஒரு மூதாட்டியை வயது கேட்டதற்கு, "எனக்கென்ன தெரியும் தம்பி? தனுஷ்கோடிப் புயல் அடிச்ச வருஷம் என் மூத்தவன் பொறந்தான்" என்றார். அப்புயல் 1964 டிசம்பரில் அடித்தது. அவ்வாண்டில் தாயானவர் 2018-இல் அறுபதைக் கடந்தவரே என்பதைக் கணக்கிடக் கணினி வேண்டா. பேரேட்டில் மூன்று நிரல்கள் புதியனவாகச் சேர்ந்தன: வயதைக் கண்டறிந்தவர் இன்னார், கண்டறிந்த நாள் இன்னது, கொண்ட சான்று இன்னது. பிறந்தநாள் வெறுமையாகவே உள்ளது. பிறந்தநாளின்படியோ நேரிற் கண்டதன்படியோ அறுபது நிரம்பினோர் என்று வினாவைத் திருத்தினோம். அம்மூதாட்டியின் வரியிற் சான்று என்னுமிடத்தில் 'தனுஷ்கோடிப் புயல்' என்றே எழுதப்பட்டுள்ளது. பேரேடு முழுவதிலும் எமக்கு மிகப் பிடித்த வரி அதுவே.

காப்புப்படியை இப்பொழுது வாரந்தோறும் வெற்றெழுத்துக் கோப்பாக எடுத்து, ஒன்றைச் சேலையூரிலும் ஒன்றை வெள்ளம் எட்டாத வேறோரிடத்திலும் வைக்கின்றனர். எந்தக் கணினியிலும் அதனைத் திறந்து பெயரும் தொகையும் படிக்கலாம்.

வரிசை பற்றிய சிறு வழக்கொன்று எஞ்சியது. யூனிகோடின் குறியெண் வரிசையில் னகரம் நகரத்தை அடுத்தே நிற்கும். மகரம் அதன் பின்னர். எனவே வெள்ளோட்டப் பட்டியலிற் கனகம் முன்னும் கமலா பின்னுமாக அச்சாயினர். நெடுங்கணக்கின்படி மகரம் முன்னும் னகரம் இறுதியிலும் அன்றோ நிற்றல் வேண்டும்? 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பு முதல் ஐசியூ என்னும் எழுத்துவரிசை நூலகம் உடனிருத்தலின், அதனைத் தமிழ்முறைக்கு அமைத்தோம். அடுத்த திங்கள் கமலா முன்வந்தார், கனகம் பின்சென்றார். தொகை வாங்க வரிசையில் நின்றபொழுது, தம்மை ஏன் பின்னுக்குத் தள்ளினர் என்று கனகம் எனத் தகும் அப்பாட்டியார் செயலாளரைக் கேட்டார். செயலாளர் நெடுங்கணக்கை விளக்கினார். பாட்டியார் ஒப்பவில்லை, "போன மாசம் நான்தானே முன்னாடி" என்றார்.