சேறு தெரியும் காலம்

செப்டெம்பர் 8

கச்சான் இன்னும் விடவில்லை. மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையையெல்லாம் கொட்டிவிட்டு, ஈரமிழந்து, சூடேறி இறங்கும் காற்று இது. வைகாசியிலிருந்து எங்கள் பக்கத்தை உலர்த்திக்கொண்டிருக்கிறது. குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்குப் பாதைப் படகில் போனேன். 56 கிலோமீற்றர் நீளமுள்ள மட்டக்களப்பு வாவி, இரு பக்கமும் கறுத்த சேற்றை விட்டுவிட்டு நடுவே ஒதுங்கிக் கிடக்கிறது. “வாவி செத்துப்போச்சு” என்றார், சைக்கிளைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றவர்.

செப்டெம்பர் 14

அவரைக் கூட்டிவந்து இன்றைய காலையைக் காட்டியிருக்க வேண்டும். பவளக்காலிகளும் உப்புக்கொத்திகளும் வளைமூக்கு உள்ளான்களும் சேறு முழுக்க மேய்கின்றன. வளைமூக்கு உள்ளான் குஞ்சு பொரிப்பது சைபீரியாவின் வடகோடியில். அங்கே குளிர் தொடங்கும் முன்பே கிளம்பி, கடலும் மலையும் தாண்டி இங்கே வந்து இறங்குகிறது. உப்புக்கொத்தி கண்ணால் பார்த்து, ஓடி, மேலாகக் கொத்துகிறது. உள்ளானோ நீண்ட அலகைச் சேற்றுக்குள் குத்தித் துழாவுகிறது. ஒன்றின் இரையை மற்றது பெரும்பாலும் தேடுவதில்லை. அதனால் ஒரே சேற்றில் எல்லாவற்றுக்கும் வயிறு நிறைகிறது. வாவி நிரம்பியிருந்தால் இந்தக் குட்டைக் கால்களுக்கு நிற்கவே இடமிருக்காது. பறவைகள் வரும் நாளும் நீர் வற்றும் நாளும் ஒன்றாகக் கூடுவதுதான் இந்த மாதத்தின் செல்வம்.

செப்டெம்பர் 19

குளிர்நாடுகளில் இப்போது இலையுதிர்காலத் தொடக்கம். எங்கள் கரையிலும் தில்லை மரத்தில் சில இலைகள் சிவந்திருக்கின்றன. கிட்டப் போகவில்லை. அதன் பால் கண்ணில் பட்டால் பொல்லாதது. வேலிக் கம்பியில் பழுப்புக் கீச்சான் ஒன்று கரகரத்த குரலில் கத்துகிறது. வந்தவுடனேயே தனக்கென ஓரிடம் பிடித்து, பங்குனி வரை காத்துக்கொள்ளும்.

செப்டெம்பர் 23

பகலும் இரவும் ஏறக்குறையச் சமமான நாள். இரவு காற்று விழுந்தது. கல்லடியில் 1924இல் கட்டிய பழைய பாலத்தில் நெடுநேரம் நின்றேன். 1848 செப்டெம்பரில் பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் இந்த வாவியில் தோணியேறிப் போய், நீருக்கடியிலிருந்து எழும் இசையைக் கேட்டு எழுதிவைத்தார். ஒரே ஓசையல்ல, தனித்தனியே தெளிந்த பல நுண்ணொலிகள் என்றும், தோணியின் மரத்தில் காதை வைத்தபோது அவை வலுத்தன என்றும் அவர் குறித்தார். அங்கிருந்த மீனவர்கள் அது ஊரி என்னும் நத்தையின் குரல் என்றார்கள். உலகம் பாடும் மீன் என்கிறது. ஊரியோ மீனோ, பாட்டு வருவது வாவியின் அடியிலிருந்து. அந்த அடிமண்ணின் விளிம்புதான் இப்போது கரையில் வெயில் காய்கிறது.

செப்டெம்பர் 29

வாவியின் மேற்கே படுவான்கரையில் முன்மாரி வேளாண்மைக்கு உழவு. மழைக்கு முன்பே புழுதியில் விதைத்துவிட வேண்டும். உழவு இயந்திரத்தின் பின்னால் கொக்குகள் வரிசையாக நடக்கின்றன. வரம்பில் இருந்த ஆச்சி வானத்தைப் பார்த்துச் சொன்னார்: “கச்சான் அடங்கிட்டு மனே. மறுகா மழைதான்.”

ஒக்டோபர் 7

பின்னேரம் மேற்கே இடி. படுவான்கரைப் பக்கமிருந்து மழை வாவியைக் கடந்து வந்தது. இது முதல் மழைதான். வாடைக் காற்றோடு பெருமழை வந்ததும் சேறு முழுதும் நீருக்குள் போகும், முகத்துவாரத்து மணல்திட்டு உடையும், வாவியும் கடலும் கலக்கும். உள்ளான்கள் வேறு கரை தேடும்.

சேறு தெரியும் இந்தச் சில வாரங்களில்தான் அதைச் சும்மா கிடக்கும் நிலமென்று எண்ணி, கண்டலை வெட்டி, மண் கொட்டி நிரப்பும் வேலையும் நடக்கிறது. நிரப்பிய இடத்தில் அடுத்த புரட்டாதியில் பறவைக்கு இரையில்லை. மார்கழியில் வெள்ளத்துக்கும் இடமில்லை, அது நம் வீடுகளுக்குள் வருகிறது. நீர் நிற்கும் இடம் மட்டுமல்ல, நீர் வந்து போகும் இடமும் வாவிதான். மாரியில் வெள்ளம் தொடும் கோட்டைப் பார்த்தே அதன் எல்லைக்கல்லை நட வேண்டும்.