கிணற்றுப் பழக்கமும் பங்கீக் கயிறும்

கிணற்றில் குதித்துப் பழகியவனுக்குத்தான் பங்கீ ஜம்ப் லேசில் வசப்படாது. சங்கரன்கோவில் பக்கத்துப் பையன்களைக் கூட்டிக்கொண்டு ரிஷிகேஷுக்கும் நேபாளத்துக்கும் போய்வருகிறவன் என்ற முறையில், இது நான் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. நீச்சலே அறியாத, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் அருகே நிற்கவே தயங்குகிற ஆள், சொன்னபடி கைகளை விரித்துச் சாய்ந்து அழகாக இறங்கிவிடுவார். பம்ப்செட் ரூம் மேலிருந்து அந்தர் பல்டி அடித்து ஊரில் பேர் வாங்கியவனோ, முழங்காலை மடக்கி, மூச்சைப் பிடித்து, காற்றில் கோணலாகப் புரண்டுகொண்டு போவான்.

காரணம் கிணறு கற்றுக்கொடுத்த பாடம். எங்கள் பக்கத்து இறவைக் கிணறுகள் ஆழமானவை. ஐப்பசி, கார்த்திகை மழை நன்றாகப் பெய்தால் தண்ணீர் மேலேறி நிற்கும். கோடையில் பாதாளத்துக்குப் போய்விடும். சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் படிக்கல்லில் அடிபடாமலிருக்க, காலை ஓங்கி உந்தி வெளியே எகிற வேண்டும். மூக்கில் தண்ணீர் ஏறாமலிருக்க மூச்சைக் கட்ட வேண்டும். தண்ணீரைத் தொடும் நொடியைக் கண்ணால் அளந்து, அதற்குள் உடம்பைச் சுருக்கியோ நீட்டியோ முடித்துவிட வேண்டும். பத்து வயதுக்குள் இவ்வளவும் உடம்பில் ஊறிவிடுகிறது. யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பங்கீயில் இந்த மூன்றும் ஆகாது. காலை உந்தி எகிறினால் பாதம் கீழேயும் தலை மேலேயுமாக விழுவோம். கணுக்காலில் கட்டிய கயிறு இறுகும்போது உடம்பு சட்டென்று தலைகீழாகச் சுண்டப்படும். கழுத்தும் முதுகும் அதை மறக்காது. மூச்சைக் கட்டினால் நெஞ்சு இறுகும். அந்த இறுக்கத்தோடு தலைகீழாகத் தொங்கினால் முகத்தில் ரத்தம் இன்னும் குப்பென்று ஏறும். கீழே வரும் ஆற்றை அளந்து உடம்பைச் சுருக்கினால், தொடப்போகாத தண்ணீருக்குத் தயாராகி, வரப்போகிற இழுப்புக்குத் தயாராகாமல் போய்விடுவோம்.

கிணற்றில் என் விழுதலை நான் நடத்துகிறேன். பங்கீயில் அதை வேறு ஆட்கள் முன்னதாகவே நடத்தி முடித்துவிடுகிறார்கள். எனக்கு மிச்சமிருப்பது சாய்வது ஒன்றுதான். இந்த வித்தையின் பெரும்பகுதி குதிப்பதற்கு முன்பே இருக்கிறது என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

இந்தியாவில் நிலையான மேடை கட்டி இதை நடத்தும் இடங்களில் பெயர் பெற்றது ரிஷிகேஷை அடுத்த மோகன்சட்டி. 2010 முதல் நடக்கிறது. கங்கையில் சேரும் ஒரு சிற்றாற்றின் மேல், பாறை விளிம்பிலிருந்து வெளியே நீளும் இரும்பு மேடை. உயரம் 83 மீட்டர். நம் ஊர்க்கணக்கில் சொன்னால், சங்கரநாராயணர் கோயிலின் 125 அடி ராஜகோபுரத்தை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முறை வைத்தாலும் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும். பாலத்திலிருந்தே குதிக்க வேண்டும் என்றால் நேபாளம் போக வேண்டும். போட்டே கோஷி ஆற்றின் மேல் 160 மீட்டர் உயரத்தில் ஒரு தொங்குபாலம் இருக்கிறது. மேடையில் நிற்பதற்கும் பாலத்தில் நிற்பதற்கும் வித்தியாசம் உண்டு. மேடைக்கு முதுகுப் பக்கம் மலை இருக்கிறது. பாலத்தில் நான்கு பக்கமும் வெறும் காற்று; இன்னொருவர் நடந்துவந்தால் நம் பாதத்துக்குக் கீழே பாலம் லேசாக அசையும். பொத்தினாற்போல் வைத்திருந்த தைரியம் அந்த அசைவில்தான் முதலில் கழன்றுபோகும்.

பங்கீ ஜம்புக்கு மூலம் பசிபிக் கடலின் வனுவாட்டு நாட்டில் பெந்தெகொஸ்தே தீவு. அங்கே ஆண்கள் மரக்கம்புகளால் கோபுரம் கட்டி, கணுக்காலில் காட்டுக்கொடியைக் கட்டிக்கொண்டு தரையை நோக்கிக் குதிக்கிறார்கள். மழை முடிந்து கொடியில் ஈரமும் நெகிழ்வும் இருக்கும் ஏப்ரல் முதல் ஜூன் வரைதான் அதற்குக் காலம். 1974இல் எலிசபெத் ராணி அந்தத் தீவுகளுக்கு வந்தபோது, அவர் பார்ப்பதற்காகக் காலம் தப்பி பிப்ரவரியில் குதித்துக் காட்டினார்கள். கொடி தாங்கவில்லை, ஓர் ஆள் இறந்துபோனார். கொடி வெட்டத் தெரிந்தவர்களின் ஊரில், விருந்தாளிக்காக நாள் மாற்றியதன் விலை அது. “இன்றைக்குக் காற்று சரியில்லை, குதிக்க வேண்டாம்” என்று குதிக்கவைக்கும் ஜம்ப் மாஸ்டர் சொன்னால், ரயில் டிக்கெட் வீணாகிறதே என்று அவரிடம் மல்லுக்கு நிற்கும் பையன்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

அந்தத் தீவைப் பற்றிக் கேள்விப்பட்ட ஆக்ஸ்போர்டு மாணவர்கள் சிலர் 1979 ஏப்ரல் 1 அன்று இங்கிலாந்தின் கிளிஃப்டன் தொங்குபாலத்திலிருந்து ரப்பர்க் கயிற்றோடு குதித்தார்கள். நியூசிலாந்தின் ஏ.ஜே. ஹாக்கெட் 1987இல் ஈஃபிள் கோபுரத்திலிருந்து குதித்துக் கைதானார். அடுத்த ஆண்டே தன் நாட்டில் கவாராவ் ஆற்றுப் பாலத்தில், 43 மீட்டர் உயரத்தில், காசு வாங்கிக் குதிக்கவைக்கும் தொழிலைத் தொடங்கினார். இன்று தென்னாப்பிரிக்காவின் புளூக்ரான்ஸ் பாலத்தில் 216 மீட்டர், மக்காவ் கோபுரத்தில் 233 மீட்டர் என்று அது வளர்ந்துவிட்டது.

என்னை இந்தப் பக்கம் இழுத்தது உயரத்தைவிடக் கயிறுதான். அது ஒற்றைக் கயிறு இல்லை. இயற்கை ரப்பர்ப் பாலில் செய்த நூற்றுக்கணக்கான மெல்லிய இழைகளைச் சேர்த்து, மேலேயும் ரப்பர் இழையாலேயே சுற்றிக் கட்டியிருப்பார்கள். விசைத்தறி ஓடும் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம்: பாவில் ஓர் இழை அறுந்தால் மற்ற இழைகள் துணியைத் தாங்குவதுபோல, இங்கேயும் ஓரிரண்டு இழை போனால் மற்றவை தாங்கும். போன இழை வெளியே பிசிறாகத் தெரியும். மாஸ்டர் தினமும் கயிற்றைத் தடவித் தடவித் தேடுவது அதைத்தான். வெயில் ரப்பருக்கு எதிரி. அதனால் வேலையில்லாத நேரத்தில் கயிற்றை நிழலில் மூடி வைப்பார்கள். ஒவ்வொரு குதியையும் ஏட்டில் எழுதுவார்கள். இத்தனை குதி என்று ஒரு வரம்பு உண்டு. அதைத் தொட்டதும், பார்வைக்குப் புதிதாக இருந்தாலும், கயிற்றுக்கு ஓய்வு கொடுத்துவிட வேண்டும்.

அடுத்தது எடை. இதைப் பையன்களிடம் கணக்காகவே போட்டுக் காட்டுவேன். 70 கிலோ ஆள். நீட்டாத நிலையில் 25 மீட்டர் இருக்கும் கயிறு. 75 மீட்டரில் அவர் நிற்க வேண்டும் என்று கயிற்றின் விறைப்பைத் தேர்ந்தெடுத்ததாக வைத்துக்கொள்வோம். முதல் 25 மீட்டரைக் கடக்க இரண்டேகால் நொடி. அப்போது வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். கயிறு இறுகத் தொடங்கியதும் வேகம் குறையும் என்று எல்லாரும் நினைப்பார்கள். குறையாது. கயிற்றின் இழுப்பு அவர் எடைக்குச் சமமாகும் வரை வேகம் கூடிக்கொண்டே போய், 40 மீட்டர் தாண்டி மணிக்கு 92 கிலோமீட்டர் வரை போகும். அதன் பிறகுதான் குறையும். அடியில் நிற்கும் நொடியில் கயிறு அவர் எடையைப் போல மூன்று மடங்கு விசையோடு அவரை மேலே இழுக்கும்.

இப்போது அதே கயிற்றில் 90 கிலோ ஆளைக் கட்டிப் பாருங்கள். கணக்குப்படி அவர் 85 மீட்டருக்கும் கீழே போவார். மோகன்சட்டியின் உயரமே 83 மீட்டர்தான். 50 கிலோ ஆளைக் கட்டினால் 64 மீட்டரிலேயே நின்றுவிடுவார். ஆனால் உலுக்கல் அவர் எடைக்கு இன்னும் கூடுதலாக இருக்கும். நிஜ ரப்பர் இவ்வளவு நேர்கோட்டில் நடந்துகொள்ளாது, ஆற்றலில் ஒரு பங்கைச் சூடாகத் தின்றுவிடும் என்பது வேறு விஷயம். சொல்லவந்தது இதுதான்: எடை பார்க்கும் மிஷினில் ஏறும்போது சட்டைப்பையில் போனை வைத்துக்கொண்டு நிற்கக் கூடாது, வெட்கப்பட்டு எடையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. எடையைப் பார்த்ததும் கையில் மார்க்கரால் எழுதிவிடுவார்கள். மேலே போனதும் மாஸ்டர் அந்த எண்ணைப் பார்த்துத்தான் கயிற்றைத் தேர்ந்தெடுப்பார். நம் உயிரோடு நேரடியாகப் பேசுவது அந்த எண்தான். வியர்வையில் அழிந்திருந்தால் திரும்ப எழுதச் சொல்லுங்கள்.

கட்டும்போதும் சும்மா நிற்கக் கூடாது. இரண்டு கணுக்காலிலும் திண்டு வைத்துப் பட்டை சுற்றுவார்கள். இடுப்பிலும் ஒரு ஹார்னஸ் இருக்க வேண்டும். கால்கட்டு நழுவினாலும் அது பிடிக்கும். கட்டியவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர் என்று இருவர் பார்க்க வேண்டும். கயிற்றின் மறுமுனை எங்கே மாட்டியிருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். 2015இல் ஸ்பெயினில் ஒரு மேம்பாலத்தில், கயிறு பாலத்தோடு இணைக்கப்படாத நிலையில், “நோ ஜம்ப்” (குதிக்காதே) என்று பயிற்சியாளர் ஆங்கிலத்தில் சொன்னதை “நௌ ஜம்ப்” (இப்போது குதி) என்று கேட்டுக்கொண்டு ஓர் இளம்பெண் குதித்து இறந்தார். நம் பையன்களுக்கு இந்தியும் தட்டுத்தடுமாறும், ஆங்கிலமும் அப்படித்தான். ஆகவே முன்கூட்டியே மாஸ்டரோடு பேசி வைத்துக்கொள்வோம்: எந்தச் சொல்லுக்குக் குதிக்க வேண்டும், நிறுத்தச் சொல்வதாக இருந்தால் கையால் தோளைப் பிடிக்க வேண்டும். இன்னொரு விபத்தும் உண்டு: 2011 டிசம்பர் 31 அன்று விக்டோரியா அருவிப் பாலத்தில், 111 மீட்டர் உயரத்தில், கயிறு அறுந்து ஜாம்பேசி ஆற்றில் விழுந்த பெண் கால்கட்டோடு நீந்திக் கரைசேர்ந்தார். இப்படிப்பட்டவற்றை மறைத்துவிட்டுப் பையன்களைக் கூட்டிப்போவதில் எனக்குச் சம்மதமில்லை.

கால்கள் கட்டியபின் நடக்க முடியாது. தத்தித் தத்தித்தான் நுனிக்குப் போக வேண்டும். பாதத்தின் முன்பாதி வெளியே இருக்கும்படி நிறுத்துவார்கள். பலரை அதிரவைப்பது அந்த நேரத்தில் தெரியும் கயிற்றின் கனம். வளைந்து கீழே தொங்கும் கயிறு கணுக்காலை மெதுவாக முன்னே இழுத்துக்கொண்டிருக்கும். விழும்போதும் அந்தக் கனம் சேர்ந்து இழுப்பதால், சும்மா விழும் கல்லைவிடச் சற்று வேகமாகவே நாம் விழுகிறோம் என்பது பௌதிகம் சொல்லும் வேடிக்கை.

“அண்ணாச்சி, கீழ பாக்கலாமா, கூடாதா?” என்று எல்லாரும் கேட்பார்கள்.

“நிக்கும்போது ஒரு தடவ நல்லாப் பாத்துக்க, தம்பி. சாயும்போது எதுத்தாப்புல இருக்க மலையப் பாரு. மூச்ச வெளிய விடு. கத்தணும்னு தோணுச்சுன்னா கத்து, நல்லதுதான்.”

கத்தினால் மூச்சு தானாக வெளியேறும். கிணற்றுப் பழக்கம் உடையும். எதிர்மலையைப் பார்த்தால் தாடை நிமிரும்; நெஞ்சு முதலில் போகும்; கை தானாக விரியும். மாஸ்டர் எண்ணி முடித்ததும் சாய்ந்துவிட வேண்டும். இரண்டாம் முறை எண்ணச் சொன்னால் கால் மரத்துப்போகும்; மூன்றாம் முறைக்குப் பிறகு பெரும்பாலும் திரும்பிவந்துவிடுவார்கள். அதில் தப்பில்லை.

விழுகிற நேரத்தில் வயிறு மேலேறும். காதில் காற்று இரையும். கயிறு பிடிப்பது படீரென்று இருக்கும் என்று எதிர்பார்ப்பார்கள். இருக்காது, கணுக்காலிலிருந்து இடுப்புக்கு, இடுப்பிலிருந்து தோளுக்கு என்று உடம்பு இழுபட்டு நீளும். அடியில் ஒரு நொடி கண்ணில் ரத்தம் முட்டும். பிறகு மேலே தூக்கும். உச்சிக்கு வந்ததும் கயிறு தளர்ந்து, உடம்புக்கு எடையே இல்லாமல் போகும் நேரம் ஒன்று வரும். நிறையப் பேர் நிஜமாகப் பயப்படுவது அங்கேதான். முதல் விழுதலை நாமே தேர்ந்தெடுத்தோம். இரண்டாவதை யாரும் கேட்காமல் கொடுக்கிறார்கள். அங்கே கயிற்றைப் பிடிக்கக் கை போகும். போகக் கூடாது, விரல் சுற்றிக்கொண்டால் ஆபத்து. கையை விரித்தபடியே விட்டால் நான்கைந்து துள்ளலில் எல்லாம் அடங்கும். கீழே ஆற்றங்கரையில் நிற்பவர்கள் கம்பு நீட்டிப் பிடித்து இறக்குவார்கள். அதன்பின் மேலேறும் மலைப்பாதை நீளம். தண்ணீர் பாட்டிலைக் கீழிருப்பவர்களிடம் முன்பே கொடுத்தனுப்புவது புத்திசாலித்தனம்.

ரத்தக்கொதிப்பு, இதயக் கோளாறு, வலிப்பு, கர்ப்பம், முதுகுத்தண்டு அல்லது கழுத்து வலி, சமீபத்திய அறுவைச் சிகிச்சை இருப்பவர்கள் குதிக்கவே கூடாது. கண்ணையும் இதில் சேர்ப்பேன். தலைகீழ் இழுப்பில் கண் வெண்படலத்தில் ரத்தம் கட்டுவதும், சிலருக்கு விழித்திரையிலேயே கசிவு வருவதும் மருத்துவர்கள் பதிவு செய்தவை. பெரிய பவர் கண்ணாடி போடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் போக வேண்டாம்.

முதல் தடவை குதித்தவன் ஊருக்கு வந்து வீடியோவைக் காட்டுவான். அதில் அவன் செய்தது கொஞ்சம்தான். பயமும் கூச்சமும் சேர்ந்து தள்ளிவிட்டிருக்கும். இரண்டாவது தடவைதான் கடினம். என்ன வரப்போகிறது என்று உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. நுனியில் நிற்கும்போது அது தன் பங்குக்கு வாதாடும். அந்த வாதத்தைக் கேட்டுக்கொண்டே கையிலுள்ள எண்ணைப் பார்த்து, இடுப்புப் பட்டையைத் தொட்டுப் பார்த்து, மறுமுனைக் கொக்கியைக் கண்ணால் தேடிவிட்டு மூச்சை விட்டுச் சாய்பவனை, அடுத்த தடவை புதுப் பையன்களோடு துணைக்கு அனுப்பத் தயங்க மாட்டேன்.