உயவு

பண்டைத் தமிழில் 'உயவு' என்றால் வருத்தம். இன்றைய கலைச்சொல் வழக்கில் அதே சொல், உராயும் உறுப்புகளின் வருத்தம் தீர மசகிடுவதைக் குறிக்கிறது. வகுப்பறையில் நாம் பலமுறை எடுத்துச்சொன்ன செய்திதான். தந்தையார் விட்டுச்சென்ற பழைய டிராக்டரின் ஸ்டியரிங் பெட்டி கசியத் தொடங்கியபோது அது வீட்டு விவகாரமாயிற்று.

எழுபதுகளில் வாங்கிய வண்டி அது. பவர் ஸ்டியரிங் கிடையாது. ஓட்டுபவரின் கைவலிமையே துணை. பெட்டிக்குள் ஒரு திருகுத்தண்டு சுழல, அதன் பள்ளங்களில் இரும்புக் குண்டுகள் உருண்டு, முன்சக்கரங்களைத் திருப்பும் கரத்தை அசைக்கின்றன. கரும்பேற்றிய டிரெய்லருடன் அதை ஆலைக்கு ஓட்டிச்செல்பவர் நம் தம்பி. அந்தக் குண்டுகள் வறண்டு தேய்ந்தால் வளைவில் வண்டி அவர் சொற்படி திரும்பாது.

பட்டறை மேஸ்திரி எளிய வழி சொன்னார்: "சார், கிரீஸை அடைச்சு விட்டுட்டா ஒழுகவே ஒழுகாது. பாதி வண்டி அப்படித்தான் ஓடுது." தம்பிக்கும் அது உவப்பாயிருந்தது. "வெட்டு ஆரம்பிச்சாச்சு அண்ணே, ரெண்டு நாள் வண்டிய நிறுத்த முடியாது" என்றார்.

ஆயினும் கையேடு அங்கே கேட்பது 90 எண் கியர் ஆயில். காரணம் உண்டு. வழக்கமாகக் கடையில் கிடைக்கும் கிரீஸ் என்.எல்.ஜி.ஐ. 2 எனும் தரம்; வெண்ணெய்போல் நிற்கும். சுழலும் தண்டு அதை ஒருமுறை ஒதுக்கித் தள்ளினால் தள்ளிய இடத்திலேயே தங்கிவிடும். பெட்டி நிறைய கிரீஸ் இருக்க, குண்டுகள் மட்டும் வறண்டுபோகும். எண்ணெயோ விலகிய இடத்திற்கே வழிந்து திரும்பும். வெளியே ஒழுகுவது கண்ணுக்குத் தெரியும். உள்ளே வறள்வது தெரியாது.

கிரீஸைப் பழிக்கவில்லை. டை ராடு முனைகள், கிங் பின் ஆகிய நிப்பிள் வைத்த இடங்களெல்லாம் அதற்குரியவை. நம் பாட்டனார் வைக்கோல்கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி மை கூட்டினார். மெல்லச் சுழலும் அச்சுக்கு ஒட்டிநிற்பதே வேண்டும். இடமறிந்து இடுவதே உயவு.

ஆகவே கசிவுக்குக் காரணமான ஆயில் சீலை மாற்றச்செய்தோம். எண்ணெயில் ஜி.எல்-4 வகையைத் தேர்ந்தோம். கந்தகச் சேர்க்கை மிகுந்த சில ஜி.எல்-5 எண்ணெய்கள், பெட்டியில் வெண்கலப் புஷ் இருந்தால் அதற்கு ஒவ்வாமற்போகலாம். தண்டே தேய்ந்து புதுச் சீலும் நில்லாத வண்டிகளுக்கு, கூழ்போல் இளகிய 00 தரக் கிரீஸ் ஓர் இடைவழி. அதுவும் திரும்பி வழியக்கூடியது.

இரண்டு நாள் வண்டி நின்றது. தம்பி முகங்கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் ஆலையிலிருந்து திரும்பியவர் சாவியை ஆணியில் மாட்டியபடி, "கை வலிக்கல அண்ணே" என்றார்.