படலையைத் திறந்து விடுங்கள்

குடும்பநல உத்தியோகத்தரை எம்மில் பலர் 'திரிபோஷா தரும் மிஸ்' என்றே அறிந்து வைத்திருக்கிறோம். சமூகசேவைப் பணியின் பொருட்டு அவர்களோடு வீடு வீடாகச் சென்று வருபவள் என்ற வகையில், அவர்களது கடமை எவ்வளவு பெரிது என்பதைச் சகோதரிகளுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஒன்றரை ஆண்டுகள் பயிற்சி பெற்ற ஒருவர் ஏறத்தாழ 3000 பேர் வாழும் பகுதிக்குப் பொறுப்பாக இருக்கிறார். கர்ப்பிணிகளைப் பதிவு செய்தல், கிளினிக்குக்கு அனுப்புதல், பிரசவத்தின் பின் வீடு சென்று தாயையும் சேயையும் பார்த்தல், பிள்ளைகளின் நிறை பார்த்தல், குடும்பத்திட்ட ஆலோசனை எனப் பணிகள் நீளும். எமது நாட்டில் 1930களில் ஓர் இலட்சம் பிரசவங்களுக்கு 2000க்கும் அதிகமான தாய்மார் இறந்தனர். 2020இல் அது சுமார் 30ஆகக் குறைந்திருந்தது. இதற்கு வைத்தியசாலைகள் மட்டும் காரணமல்ல. ஆபத்தை வீட்டிலேயே இனங்கண்டு நேரத்தோடு அனுப்பி வைப்பவர்களும் காரணம்.

ஒரு வீட்டில் எட்டு மாதக் கர்ப்பிணியிடம் மிஸ் சுகம் விசாரித்தார். "அவளுக்கு ஒரு குறையுமில்லை" என்று மாமியாரே பதில் சொன்னார். "அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாறீங்களோ?" என்று மிஸ் கேட்டார். மாமியார் குசினிக்குள் போனதும், இரண்டு நாளாகக் கடும் தலையிடி, கண்ணும் மங்கலாக இருக்கிறது என்று அந்தப் பெண் மெல்லச் சொன்னாள். உடனே இரத்த அழுத்தத்தைப் பார்த்த மிஸ், தாமதிக்காமல் அவளை வைத்தியசாலைக்கு அனுப்பினார். தாயும் பிள்ளையும் நலமாக வீடு திரும்பினர்.

அந்த மாமியார் கெட்டவரல்லர். மருமகளுக்காகத் தானே பேசுவதுதான் அவர் கண்ட வழக்கம். ஆனால் ஒரு வீட்டில் யார் பேசுகிறார், யார் மௌனமாக இருக்கிறார் என்பது சில வேளைகளில் உயிர்ப் பிரச்சினையாகி விடுகிறது. மிஸ்ஸிடம் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி உண்டு. பயத்தையும் வெட்கத்தையும் அளக்கும் கருவி கிடையாது. அவற்றை நாம்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

ஆகவே சகோதரிகளே, மாதவிலக்குத் தள்ளிப் போனவுடனேயே அவருக்கு அறிவியுங்கள். மூத்தவர்களே, மகளையோ மருமகளையோ அவரோடு சிறிது நேரம் தனியே பேச விடுங்கள். இரத்தப்போக்கு, கடும் தலையிடி, பார்வை மங்கல், முகவீக்கம், பிள்ளையின் துடிப்புக் குறைதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் அவர் வரும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

படலையடியில் அவரது குரல் கேட்டால், "பிறகு வாங்கோ" என்று மட்டும் சொல்லி விடாதீர்கள்.